கை முந்த வேண்டும்

புவனகிரி
16.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ராகவேந்திரர் கோயிலுக்கு வந்த வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் தபால்காரர் சைக்கிளை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். அன்று மாலையே உங்கப்பனும் போன் செய்தான். "இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் குச்சி ஆட்டப் போகிறேன் என்கிறாள். நீயாவது சொல்லக்கா" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்கொன்று உனக்கொன்று என்று என்னிடம் இரண்டு பதில் கிடையாது. படித்து முடித்ததும் இதை அவனிடமே கொடுத்துவிடு.

முதலில் அந்தக் குச்சி. பேட்டன் வாங்கிவிட்டேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். சந்தோஷம், பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் அது இல்லாமலே காரியம் நடக்கும். சேர்ந்திசை நடத்துகிற பலர் வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். பிரெஞ்சு அரசவையில் லூல்லி என்று ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் பெரிய கோலைத் தரையில் இடித்துத்தான் தாளம் காட்டுவார்களாம். ஒருநாள் கோல் காலில் இறங்கி, புண் புரையோடி, 1687இல் இறந்தே போனார். உன் குச்சி சின்னதுதான், பயப்படாதே.

"எனக்குத் தாளம் நன்றாக வரும் அத்தை, கை பழகிய கைதான்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் எனக்கு உறுத்தல். நம் கை பழகியது வேறு வேலைக்கு. ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. பாட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நம் கை சொல்கிறது. கச்சேரியில் முன்வரிசை மாமியின் கை தொடைமேல் செய்வதும் அதே வேலைதான். அந்தக் கை பாட்டோடு சேர்ந்தே நடக்கும். கொஞ்சம் பிந்தினாலும் பாடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை பாட்டுக்கு முன்னால் போக வேண்டும். இன்னும் பிறக்காத ஸ்வரத்தை அது கேட்டு வாங்க வேண்டும்.

சிதம்பரத்தில் ஆனித் தேர் இழுக்கும்போது உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தேரின் மேல் நின்று ஒருவர் துண்டை உயர்த்துவார். வடத்தின் முன்கோடியில் இருப்பவர்களுக்கு அவர் குரல் எட்டாது, துண்டு மட்டும்தான் தெரியும். அது உயரும்போதே வடம் இறுகிவிடும், துண்டு இறங்கும்போது தேர் நகரும். உயருகிற அந்த நொடியில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கண்டக்டர் முதல் அடிக்கு முன் கொடுக்கிற மேல்வீச்சும் இதேதான். எந்தக் காலப்பிரமாணம், எவ்வளவு சத்தம், மென்மையா முரட்டுத்தனமா என்ற மூன்றையும் அந்த ஒரு வீச்சே சொல்லியாக வேண்டும். கையோடு உன் மூச்சும் உள்ளே போக வேண்டும். நீ மூச்சு எடுத்தால் எதிரே நிற்பவர்களும் தன்னால் எடுப்பார்கள். நீ அடக்கிக்கொண்டு நின்றால் அவர்கள் தொண்டையும் இறுகும்.

கைக்கான வடிவங்கள் ஒரு மாலையில் வந்துவிடும். நான்கு எண்ணிக்கைக்குக் கீழே, இடம், வலம், மேல். மூன்றுக்குக் கீழே, வலம், மேல். உனக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம். கடினம் வேறு இடத்தில் காத்திருக்கிறது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனி ஆரம்பத்தை எல்லாரும் வாயால் முழங்குகிறார்கள். ஏட்டைப் பார், அதில் முதலில் இருப்பது ஸ்வரம் இல்லை, ஒரு சின்ன மௌனம். கை இறங்கும் இடத்தில் ஒன்றும் கேட்காது, அதைத் தள்ளித்தான் வயலின்கள் பாய வேண்டும். நம் பாஷையில் சொன்னால் அது இடம் தள்ளி வரும் எடுப்பு. அரை இடத்து எடுப்பு உனக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம், அதனால் மற்றவர்கள் தடுமாறுகிற இடத்தில் உனக்குப் பயம் இருக்காது. ஆனால் நீ தனியாக எடுப்பது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை வில்லையும் ஒரே கணத்தில் எடுக்க வைப்பது வேறு.

நான் எங்கே இதையெல்லாம் தெரிந்துகொண்டேன் என்று உங்கப்பன் கேட்பான். அண்ணாமலைநகர் இசைக் கல்லூரியில் இது கிடையாது. கடலூரில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தபோது, லுத்தரன் சபையில் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒருவர் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு ஆள் போதாமல் என்னையும் கூப்பிட்டார். திருநீறு வைத்துக்கொண்டே ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடினேன். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றதும் அவரிடம்தான். அங்கேதான் முதல்முதலாக, என் பக்கத்தில் நிற்பவள் வேறொரு மெட்டைப் பாடும்போது என் மெட்டை விடாமல் பிடிப்பது என்றால் என்ன என்று புரிந்தது. நம் சங்கீதத்தில் பக்கத்திலிருப்பவர் எப்போதும் நம்மோடுதான் வருவார். அங்கே அவர் விலகிப் போவதுதான் அழகு. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரலையும் ஒரே சமயத்தில் தலைக்குள் ஓடவிட வேண்டும். இது உனக்கு இன்னும் வரவில்லை. வராமல் பேட்டனைத் தூக்காதே.

நம்மிடம் கண்டக்டருக்குப் பக்கத்தில் வரக்கூடியவர் நட்டுவனார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது. தில்லையில் நடராசருக்கே தாளம் போட பிரம்மா வேண்டியிருந்தது என்று நம் புராணம் சொல்லும். நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜதியையும் வாயால் சொல்லி, மிருதங்கத்தை இழுத்துப் பிடித்து, ஆடுகிறவள் காலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிற வேலை அது. இன்றைக்கு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது ருக்மிணி தேவி காலத்தில் வந்த ஏற்பாடு. முன்பெல்லாம் மேளக்குழு முழுவதும் ஆடுபவளின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவளோடு கூடவே நகரும். அப்படியானால் அவள் நட்டுவனாரைப் பார்க்கவே முடியாது, காதால் கேட்டே நடக்க வேண்டும். மேல்நாட்டுக் கண்டக்டரோ ஒரு சத்தமும் போடாமல் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார். இரண்டுபேரும் ஒரே காரியத்தை நேர் எதிர்ப் பக்கங்களிலிருந்து செய்கிறார்கள். ஆனால் ஒன்றில் மட்டும் ஒற்றுமை. ஆடுகிறவள் ஒரு அடி இழுத்தால் நட்டுவனார் அதோடு போய், அடுத்த அடியில் அவளுக்குத் தெரியாமலே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதட்டி நடத்துகிறவனைவிட இப்படி நடத்துகிறவனிடம்தான் கலைஞர்கள் தங்குவார்கள்.

நட்டுவனார்களான தஞ்சை நால்வரின் வழியில் வந்த பொன்னையா பிள்ளை அண்ணாமலைநகரில் பாடம் சொன்னவர். நான் படிக்கப் போவதற்கு நெடுங்காலம் முன்பு அது. ஆனால் அவர் பெயரை அந்த வராந்தாவில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அந்த நால்வர் சரபோஜி அரசவையில் இருந்த காலத்தில் அதே அரண்மனையில் ஆங்கில பாண்டும் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த மேல்நாட்டு இசை ஏடுகள் இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்பே இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை உங்கப்பனுக்கு எடுத்துச் சொல். "நம்ம வழக்கத்தில் இல்லாதது" என்று அவன் ஆரம்பித்தால் பயன்படும்.

இனி ஏட்டுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் பத்தில் எட்டுப் பங்கு இங்கேதான். மேடையில் நிற்பது அதன் மிச்சம். ஸ்கோரில் மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். அதன் கீழ் ஹார்ன், டிரம்பெட் முதலிய பித்தளைக் கருவிகள். பிறகு தாளக் கருவிகள், அடியில் வயலின் முதல் டபுள் பாஸ் வரை. ஒரே பக்கத்தில் பதினைந்து இருபது வரிகள் ஓடும். வயோலாவுக்குத் தனிக் குறி, அதில் நடுக்கோடு மிடில் சி. அதைவிடச் சள்ளை பிடித்தது, எழுதியிருப்பது ஒன்று கேட்பது ஒன்றாக இருக்கிற கருவிகள். பி ஃபிளாட் கிளாரினெட்காரர் ஏட்டில் சி பார்த்து வாசித்தால் காதில் விழுவது பி ஃபிளாட். எஃப் ஹார்ன்காரர் சி வாசித்தால் எஃப் வரும். நாம் கட்டை மாற்றிப் பாடுகிறோமே, அதைப்போல ஆளுக்கொரு கட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஒத்திகையில் ஒருவர் "எனக்கு இங்கே என்ன ஸ்வரம்?" என்று கேட்டால் அவர் கட்டையில் உடனே பதில் சொல்லத் தெரிய வேண்டும். நீ யோசிக்க ஆரம்பித்தால் அவர்கள் உன்னை எடைபோட்டு முடித்துவிடுவார்கள்.

அதனால் இப்போதே ஒரு கருவி எடு. பியானோ என்றால் ஸ்கோரை ஓரளவுக்கு நீயே வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் கண்டக்டிங் வகுப்புகளில் மாணவர்களுக்கு எடுத்தவுடன் ஆர்க்கெஸ்ட்ரா கொடுப்பதில்லை. இரண்டு பியானோக்காரர்களை உட்கார வைத்து அவர்களைத்தான் நடத்தச் சொல்வார்கள். குரல் மட்டும் இருந்தால் போதும் என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வில் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒலி எப்படி மாறும் என்று தெரியாமல் வயலின் வரிசைக்கு நீ என்ன சொல்வாய்?

கண்டக்டர் ஜுபின் மேத்தா கதை உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அப்பா மேலி மேத்தா 1935இல் பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை உண்டாக்கியவர். மகன் டாக்டராகட்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். (உங்கப்பன் இதைப் படிக்கும்போது முகத்தைப் பார்.) படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1954இல் வியன்னா போனார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பாடம். அந்த ஆசிரியருக்குக் கை வீச்சில் ஆர்ப்பாட்டம் ஆகாது. ஏட்டை எத்தனை எத்தனை மாத்திரைக் கட்டுகளாகப் பிரிக்கலாம் என்று பகுத்துப் பார்க்கச் சொல்வாராம். நம் பல்லவிக் கணக்கு தெரிந்தவளுக்கு அது புதிதே அல்ல. மேத்தா டபுள் பாஸ் வாசித்தார். அதற்கு மேல் தோழர் கிளாடியோ அப்பாடோவோடு சேர்ந்து சேர்ந்திசைக் குழுவில் பாஸ் குரலாகப் போய் நின்றார். பாடும் ஆசையால் அல்ல, பெரிய கண்டக்டர்கள் ஒத்திகை நடத்துவதை முன்னால் நின்று பார்க்க வேறு வழியில்லை என்பதால். 1958இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. பிறகு லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று போனதெல்லாம் நீ படித்ததுதான்.

2005 டிசம்பர் 26, சுனாமிக்கு ஒரு வருஷம் முடிந்த நாளில் அவர் பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்து வந்து சென்னை மியூசிக் அகாடமியில் வாசிக்க வைத்தார். நான் போகவில்லை. அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தேன். மறுநாள் பேப்பரில் படம் பார்த்தபோது, இந்தக் கரைக்காகவும்தான் அவர்கள் வாசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

சரி, பிழைப்பு. நம் நாட்டில் மாதச் சம்பளத்தோடு நிலையாக நடக்கும் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். அதன் மேடையில் நிற்க உலகமே வரிசையில் இருக்கிறது. ராணுவ பாண்டு மாஸ்டர்களைப் பச்மடியில் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்கள். அது ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு. ஜனவரி 29 அன்று டில்லியில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை டிவியில் போடுவார்களே, அதில் நிற்கிறவர்களின் கையைக் கவனி, ஒரு அங்குலம் வீணாகாது. சர்ச் கொயர்களில் நல்ல வேலை நடக்கிறது. சென்னையில் 1893இலிருந்து இருக்கிற மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனைப் பல பத்தாண்டுகள் ஹாண்டல் மானுவேல் நடத்தினார். ஆனால் கொயர் நடத்துகிறவர்கள் பலரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். சினிமா ஒலிப்பதிவில் கால்ஷீட் உண்டு. இளையராஜா குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன்தான் கண்டக்டராகவும் நின்றார். வாசிக்கத் தெரிந்தவனை நம்பித்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்பதைக் கவனி. இப்போது கம்ப்யூட்டர் க்ளிக் காதில் தட்டிக்கொண்டிருக்கிறது, கையைப் பார்க்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

எனவே வேலையை விடாதே. உங்கப்பனுக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டே பியானோவும் ஹார்மனியும் படி. 2008இல் ரகுமான் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி உனக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கொயரில் சேர்ந்து, நடத்துகிறவர் முன்னால் நில். பெண் என்பதால் எடுபடாது என்று அவன் சொன்னால் மட்டும் காதில் வாங்காதே. மாரின் ஆல்சாப் 2007இல் பால்டிமோர் சிம்ஃபனிக்குத் தலைமை ஏற்று வருஷங்கள் பல ஆகிவிட்டன.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். தமிழுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உன் தோழிகள் கேலி செய்கிறார்கள் என்று. மாணிக்கவாசகர் முடிவாக வந்து சேர்ந்தது இந்தத் தில்லைக்குத்தான். அவர் திருவாசகத்துக்கு இளையராஜா எழுதிய இசை 2005இல் வெளிவந்தபோது அதை வாசித்தது புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் லாஸ்லோ கோவாச் என்ற ஹங்கேரிக்காரர். இந்த வருஷம் மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபனி அரங்கேறியபோதும் நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர். எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர், எழுத்தை ஒலியாக்கிய கை மட்டும் இரண்டு முறையும் அந்நியக் கை. அதில் எனக்கு வருத்தமில்லை, நன்றாகவே செய்தார்கள். ஆனால் தமிழ் தெரிந்த கை ஒன்று இருந்தால் "நமச்சிவாய" எங்கே மூச்சு விட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நம்மவர்கள் முயலாமல் இல்லை. ஆகாசவாணி 1952இல் டில்லியில் வாத்ய விருந்தா என்ற வாத்தியக் குழுவைத் தொடங்கி ரவிசங்கரையும் டி.கே. ஜெயராம ஐயரையும் நடத்தச் சொன்னது. நல்ல முயற்சிதான், இருந்தாலும் எல்லாக் கருவியும் ஒரே மெட்டை வாசிக்கிற இடங்களில் கண்டக்டருக்குப் பாதி வேலைதான் என்பது என் எண்ணம். எம்.பி. சீனிவாசன் செய்ததுதான் எனக்குப் பெரிது. எழுபதுகளில் அவர் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் சங்கீதம் முறையாகப் படிக்காத இளைஞர்களைக் கொண்டே பாரதி பாட்டுகளைப் பல குரலாகப் பிரித்துப் பாட வைத்தார். நம் மெட்டும் கெடாமல், பக்கத்துக் குரலும் விலகிப் போய், பாட்டு தமிழாகவே நின்றது. உனக்கு வழிகாட்டி வேண்டுமானால் வியன்னாவுக்குப் போகும் முன் அந்தப் பதிவுகளைக் கேள்.

மார்கழி ஆருத்ராவுக்கு நீ வருவாய் அல்லவா? நம் தெருத் தேவார வகுப்புப் பிள்ளைகளில் சுருதி நிற்கிறவர்களாகப் பார்த்து ஒரு டஜன் பேரைச் சேர்த்து வைக்கிறேன். குறிஞ்சிப்பாடி சித்தியின் பையன்கள் இரண்டு பேருக்கும் குரல் உடைந்துவிட்டது, பாஸுக்கு அவர்கள். இரண்டு குரலில், அதிகம் போனால் மூன்றில், ஒரு சின்னப் பாட்டு நீயே எழுதிக் கொண்டு வா. தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஏட்டை அனுப்பு, நான் வரிகளைப் பாடம் செய்து வைத்துவிடுகிறேன். ஆனால் சேர்த்துப் பாட வைக்க மாட்டேன். அது உன் வேலை. எச்சரித்துவிடுகிறேன், பிள்ளைகள் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைவிடக் கடுமை. பெரியவர்கள் உன் கை தப்பினாலும் காப்பாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இதுகள் நீ காட்டியதைத்தான் பாடும்.

அதுவரை தினமும் ஒரு பயிற்சி செய். வலக்கையில் நான்கு எண்ணிக்கை ஒரே சீராக ஓடட்டும். இடக்கை எட்டு எண்ணிக்கைக்குள் மெதுவாக இடுப்பிலிருந்து தோள்வரை உயரட்டும், அடுத்த எட்டில் இறங்கட்டும். வலக்கை காலத்துக்கு, இடக்கை சத்தத்துக்கும் நுழைவுக்கும். இடக்கை உயரும்போது வலக்கையும் பெரிதாகிறதா என்று கண்ணாடியில் பார். ஆகும், எல்லாருக்கும் ஆகும். ஆகாமல் நிற்கிற வரைக்கும் செய். வாயில் கண்டநடை சொல்லிக்கொண்டே செய்ய முடிந்தால் எனக்கு எழுது.

சிதம்பரம் வந்ததும் போன் பண்ணு. வெள்ளாற்றுப் பாலத்தில் மாலையில் நெரிசல், அதனால் காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. ஏட்டில் மூச்சு விடும் இடங்களைச் சிவப்புப் பென்சிலில் குறித்து அனுப்ப மறக்காதே, என் கண்ணுக்கு நீலம் இப்போது தெரிவதில்லை. உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை